சனியா, ஞாயிறா

ஐந்து பத்துக்குக் கைப்பேசி அலறியது. அது மனைவி தேன்மொழியின் வேலை நேரத்துக்காக வைத்த அலாரம். ரூபேந்திரன் அதை நிறுத்தினான், நீக்கவில்லை. பல் துலக்கினான். ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் சுடவைத்து மைலோ கலக்கினான். சட்டையைத் தேய்த்தான். டெமோ பெட்டியைத் திறந்து வடிகட்டியும் குழாயும் இரண்டு கண்ணாடிக் குவளைகளும் இருக்கின்றனவா என்று பார்த்து மூடினான். விடிய இன்னும் நேரம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தான்.

தேன்மொழி இறந்து நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் அவன் ஒரு தண்ணீர் வடிகட்டிகூட விற்கவில்லை.

அதற்கு முன் விற்பனைக் கிளையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுத்ததே அவன்தான். வாங்குகிறீர்களா என்று ஒருநாளும் கேட்காதே. கேட்டால் வேண்டாம் என்ற பதில் தயாராக இருக்கும். சனிக்கிழமை பொருத்தட்டுமா, ஞாயிற்றுக்கிழமையா என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். இரண்டில் ஒன்றைப் பொறுக்கச் சொன்னால், மூன்றாவதாக ஒன்று இருப்பது மனிதர்களுக்கு மறந்துபோகும். அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவன் வசந்தன். இப்போது அவன்தான் ரூபேந்திரனுக்கு மேலதிகாரி.

பெர்மாஸ் ஜெயாவில், அன்று டெமோ காட்டவேண்டிய வீட்டு வாசலில் வசந்தன் காத்திருந்தான்.

"அண்ணே, மேல நாந்தான் பேசி வச்சிருக்கேன். இன்னிக்கு ஒண்ணு விழலன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது லா."

"தெரியும்."

"நீங்க வாயத் தொறந்தா கல்லும் கையெழுத்துப் போடும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். என் மானத்தக் காப்பாத்துங்க."

கதவைத் திறந்த கமலாட்சிக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் சிங்கப்பூரில் வேலை. சமையலறைக் குழாயில் வடிகட்டியை மாட்டி, ரூபேந்திரன் தண்ணீரை ஓடவிட்டான். கொஞ்ச நேரத்தில் அதற்குள்ளிருந்த வெள்ளைப் பஞ்சு பழுப்பேறியது.

"அலமாக்! இதையா குடிச்சிக்கிட்டிருக்கோம்?"

"பழைய குழாய்க்கா. துரு," என்றான் ரூபேந்திரன்.

"சோறாக்குறதும் இதுலதான்க்கா," என்று எடுத்துக்கொடுத்தான் வசந்தன்.

கமலாட்சி பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். தலை பாதி ஆடியது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரு வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவாரு. நான் இன்னிக்கே சொல்லணுமா?"

காய் கனிந்துவிட்டது. கையை நீட்டினால் போதும். வசந்தன் அவளுக்குத் தெரியாமல் அவன் காலை மிதித்தான்.

"சனிக்கிழமை..." என்று தொடங்கினான் ரூபேந்திரன்.

அவள் நிமிர்ந்தாள். "சனிக்கிழமை என்ன தம்பி?"

எதைக் கொடுத்தாலும் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளத் தயாரான முகம். அந்த முகத்தை அவன் முன்பே பார்த்திருக்கிறான்.

"ஒண்ணுமில்லக்கா. வேணாம்னா வேணாம்னு சொல்லலாம். அதுவும் ஒரு பதில்தான்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கமலாட்சி மூச்சை விட்டாள்.

"அப்ப வேணாம் தம்பி. கோவிச்சுக்காதீங்க. இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டு வெளியே வந்தார்கள். கார் கதவைத் திறந்த வசந்தன், ஏறாமல் நின்றான்.

"வலையில விழுந்த மீன நீங்களே எடுத்துக் கடல்ல விட்டுட்டீங்க. ஏன்ணே? நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?"

ரூபேந்திரன் கழுத்திலிருந்த பெயரட்டையைக் கழற்றி நீட்டினான். வசந்தன் அதை வாங்காமல் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கையில் மழை தூறியது. நான்கு மாதத்துக்கு முன், அன்றும் மழைதான். தேன்மொழிக்குக் காய்ச்சல். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "இன்னிக்கு எம்.சி. எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு நாள் மருத்துவ விடுப்பு எடுத்திருந்தாள். தொழிற்சாலையில் சூப்பர்வைசர் புதிது. அவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, அன்றைய டெமோவை நினைத்துக்கொண்டே சொன்னான்.

"அஞ்சே முக்காலுக்கு பஸ்ல போறியா, இல்ல கொஞ்ச நேரம் படுத்துட்டு மோட்டார் சைக்கிள்ல போறியா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் லாரி சறுக்கி அவள்மீது மோதியது ஆறரைக்கு. அவள் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அவன் குளியலறையில் இருந்தான். கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. ஆகவே அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது கட்டிலில் வைத்துத்தான். அவன் பாடம் எடுக்கப் பழகும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து வாடிக்கையாளராக நடித்தவள் அவள். அந்தக் கேள்வி அவளுக்கு மனப்பாடம். காய்ச்சலோடு சிரித்தாள்.

"என்கிட்டயேவா யாவாரம்? சரி லா, மோட்டார்லயே போறேன்."