பெரியவள் விசிலடிக்கக் கற்றுக்கொண்டது

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். மூத்த மருமகள் என்பதால் ஒருத்திக்குப் பெரியவள் என்றே பேர் நிலைத்துவிட்டது, இளையவள் சின்னவள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே மாமியாரிடம் திட்டு வாங்கி, ஒரே நீராவியில் வெந்தும் இருவருக்குள்ளும் சண்டையே வந்ததில்லை.

பெரியவளுக்கு வினை டிவி ரூபத்தில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேனலை மாற்றப் போனவள், சூரியன் ஊதிப் பெருத்து ஒருநாள் பூமியையே முழுங்கிவிடும் என்று ஒரு விஞ்ஞானி சிரித்த முகத்தோடு சொல்வதைக் கேட்டுவிட்டாள்.

"எல்லாம் போயிடுமாங்க," என்றாள் புருஷனிடம். "மலை, கடல், இந்த வீடு, எல்லாமே."

"எப்போ?"

"ஐநூறு கோடி வருஷம் கழிச்சு."

"அப்ப இன்னைக்கு ராத்திரி சமையல் உண்டுல்ல?"

அவர் கவலை அவருக்கு. பெரியவளுக்கோ அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் "எதுக்கு?" என்றுதான் வந்தது. வெளுத்து அனுப்பிய படுக்கை விரிப்பு மறுநாளே கறையோடு வந்து முகத்தில் முழிக்கிறது. துவைச்சு எதுக்கு? துவைக்காமல் இருந்துதான் எதுக்கு?

"அக்கா, மாமாவோட சண்டையா?" என்று சின்னவள் மெல்லக் கேட்டாள்.

"சண்டை போட்டு எதுக்கு?"

சின்னவள் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த மனசோடுதான் பெரியவள் ஒரு காலையில் பெரிய மெஷினுக்குச் சோப்பு ஊற்றினாள். அளவுக்கோட்டைப் பார்க்கவே இல்லை. கேன் காலியாகும்வரை கவிழ்த்துவிட்டு பட்டனைத் தட்டினாள்.

முதலில் மெஷின் உச்சியிலிருந்து ஒரு வெள்ளைக் கொத்து எட்டிப் பார்த்தது. பிறகு தரையில் இருந்த வடிகால் பொங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் நுரை முழங்காலுக்கு வந்து, துணி வண்டிகளின் சக்கரங்களை மறைத்து, கதவைத் தாண்டி நடைக்கூடத்துக்குப் புறப்பட்டது. சின்னவள் போட்ட சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் ஓடி வந்தார். அவர் சிரித்ததை அவரைப் பெற்றவளாவது பார்த்திருப்பாளா என்பது சந்தேகம். வந்த வேகத்தில் கால் வழுக்கி, இரண்டு கையையும் விரித்தபடி கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கம்பீரமாகச் சறுக்கிப் போய், தலையணை உறைக் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தார். தலையில் ஒரு முழ உயரத்துக்கு நுரை.

"யாரு பண்ணினது?"

"நான்தான் சார்," என்றாள் பெரியவள்.

"எதுக்கு?"

அவள் நேர்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "எதுக்கும் இல்ல சார்."

மேற்பார்வையாளரிடமிருந்து முதலில் விக்கல் மாதிரி ஏதோ வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, மனுஷன் சிரிக்கிறார். அவரைத் தூக்கிவிடப் போன சின்னவள் அவர் மேலேயே விழுந்தாள். இருவரையும் தூக்கக் குனிந்த பெரியவளும் சறுக்கி விழுந்தாள். விலா நோக நோகச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் மேற்பார்வையாளர் பழைய முகத்தை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு மாப்பைக் கையில் கொடுத்தார்.

"ஏண்டி, இப்ப சிரிச்சோமே, அது எதுக்கு?" என்று துடைத்துக்கொண்டே கேட்டாள் பெரியவள்.

"எதுக்குன்னா? சிரிப்பு வந்துச்சு, சிரிச்சோம்."

"அதைத்தான்டி சொல்றேன்! எந்தக் காரணமும் இல்லாமலே எவ்வளவு நல்லா இருந்துச்சு! எதுக்கும் அர்த்தம் இல்லேன்னு இத்தனை நாள் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தேனே. அர்த்தம் இல்லேன்னா எதை வேணும்னாலும் செய்யலாமே!"

"என்ன செய்யப்போறே?"

"விசிலடிக்கப் போறேன். ரெண்டு விரலை வாயில வச்சு."

"அறுபது வயசுலயா?"

"அம்பத்தெட்டுடி!"

கற்றுக்கொள்வது லேசாக இல்லை. எச்சில்தான் தெறித்தது. கண்ணாடி முன் வாயில் விரலோடு நின்றவளைப் பார்த்து, "பல்வலியா?" என்று புருஷன் கவலைப்பட்டார். காற்றுப்போன டயர் மாதிரி ஒரு முனகலுக்கு மேல் எதுவும் வரவில்லை. ஆனாலும் விடியும்போதே எழுந்தாள். கறையோடு வந்த விரிப்புகளை "வாங்க, வாங்க" என்று வரவேற்று மெஷினுக்குள் தள்ளினாள். இடையிடையே விரல் வாய்க்குப் போனது.

ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அது வந்தது. காதைக் கிழிக்கிற விசில்! புறாக்கள் பறந்தன. எதிர்ச்சாரியில் ஒருவர் குடையைத் தவறவிட்டார். அங்கே நிற்கவே நிற்காத ஒரு விரைவு பஸ் கிரீச்சிட்டு நின்று கதவைத் திறந்தது.

"ஏறுறீங்களா, இல்லையாம்மா?" என்றார் டிரைவர்.

ஓரகத்திகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸே இல்லை அது. ஏறிவிட்டார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பெரியவள் திரும்பினாள். "சின்னவளே, இப்ப உன் முறை. ரெண்டு விரலையும் நாக்குக்கு அடியில வை. நல்லா மடக்கு. ம்ம், ஊது!"

"அம்மா, வேண்டாம்மா!" என்று கெஞ்சினார் டிரைவர்.