செவ்வாய் எறிந்த பந்து

இது ஏழு வருடங்களுக்கு முன் நடந்ததா, எட்டு வருடங்களுக்கு முன்னா என்பது இப்போது நிச்சயமில்லை. நோர்வேயின் புருசெத்தில் விசாரித்தால் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள். ஆனால் அருள்ராணியின் மகன் ஜோனாஸ் செவ்வாய்க்கிழமை எறிந்த பேஸ்பால் பந்து வியாழக்கிழமைதான் மறுமுனைக்கு வந்து சேர்ந்தது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. கையை விட்டதும் பந்து காணாமற்போகும். நாற்பத்தெட்டு மணித்தியாலம் கழித்து, அதே நிமிடத்தில், பிடிப்பவரின் கையுறைக்குள் வந்து விழும். பிடிக்க ஆளில்லாவிட்டால் பின்வேலியை நெளித்துவிடும். குளிர்காலத்தில் பள்ளி அணிக்காக ஹேண்ட்பால் விளையாடும்போதும் இதே கதைதான். அவன் கோலுக்கு எறிந்த பந்து, இரண்டு நாள் கழித்து அந்த மண்டபத்தில் யார் விளையாடிக்கொண்டிருந்தாலும் அவர்களின் வலைக்குள் விழுந்தது. நடுவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு புள்ளித்தாளில் அதற்கென்று ஒரு வரி விட்டார்கள். பதினான்கு வயதில் அவனுக்குத் தோள் நொந்தபோது தாய், "ஆறுதலா எறி ராசா" என்று, மெதுவாக எறியச் சொன்னதுதான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். பிறகு, வேகம் வரட்டும் என்று "கெதியா எறி" என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். பந்து அதைக் கேட்கவில்லை.

ஞானரட்ணத்துக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. பேருந்துகள் கழுவுவது அவர் வேலை. மிச்ச நேரத்தில், ஓர் அமெரிக்கக் கழகத்துக்காக வடநாடுகளின் பள்ளிப் பையன்களைப் பார்த்து அறிக்கை எழுதுவார். பதினெட்டு வருடங்களாக நோர்வே, சுவீடன், பின்லாந்து என்று ஈரமான மைதானங்களின் ஓரத்தில் நின்றிருக்கிறார். அவர் எழுதிய ஒரு பெயரைக்கூடக் கழகம் எடுத்ததில்லை. அந்த வசந்தத்தில், இம்முறையும் ஒருவன் கிடைக்காவிட்டால் அவருடைய சேவை தேவைப்படாது என்று கடிதம் வந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை, களைப்புத்தான் வந்தது. ஒரேயொரு தடவையாவது, நீர் பார்த்தது சரி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. ஜோனாஸின் சித்தப்பா டொரொன்டோவில் இருந்தார். பள்ளியின் கடைசி வருடத்தை அங்கே படித்தால் அமெரிக்கக் கழகங்களின் மறு வருட வீரர் தெரிவில் அவன் பெயர் வரும். புருசெத்துக்குக் கிட்ட, ஹவுகன்ஸ்டுவாப் பக்கத்து மைதானத்தில் ஞானரட்ணம் கழகம் தந்திருந்த வேகமானியைப் பிடித்தார். செவ்வாயன்று அது பூச்சியம் காட்டியது. வியாழனன்று மணிக்கு நூற்றைம்பத்தொரு கிலோமீற்றர். பதினெட்டு வருடத்தில் அவர் கண்ட மிகப் பெரிய எண் அதுதான்.

கழகத்தின் அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு விமானங்களுக்கு இடையில் வந்தார். கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்த கார்வண்ணன் பிடிப்பதற்குக் குந்தினார். ஜோனாஸ் பதினொரு பந்துகள் எறிந்தான். ஒன்றும் வரவில்லை. "எங்க ஊர்ல ஆறுதல்னா எழவு வீட்டுல சொல்றது சார். இவங்கம்மா அதைப் போய்ப் பந்துக்குச் சொல்லியிருக்காங்க" என்றார் கார்வண்ணன். ஞானரட்ணம் அதிகாரியிடம் வியாழன்வரை நிற்கும்படி கேட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தனக்கு ஓர் எண் மட்டும் அனுப்பினால் போதும் என்றார், போய்விட்டார்.

வியாழனன்று பதினொரு பந்துகளும் வரிசையாக வந்து சேர்ந்தன. பதினொன்றும் நூற்றைம்பதுக்கு மேல். ஞானரட்ணம் வாங்கில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். பாலர் பாடசாலையில் வேலை முடிந்து நேரே வந்த அருள்ராணி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணை, அங்கை ஆர் ரெண்டு நாள் குந்தியிருந்து இவன்ரை பந்தைப் பிடிக்கப்போயினம்?"

"ஒருத்தரும் இல்லை, தங்கச்சி."

"பிறகேன் எழுதுறியள்?"

"நூற்றைம்பத்தொண்டு எண்டது பொய்யில்லையே."

"ஓம், பொய்யில்லை. பாதி."

ஞானரட்ணம் பேனாவைப் படிவத்தின்மேல் வைத்தார். மேலே பாலத்தில் மூன்று ரயில்கள் போயின. ஜோனாஸ் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். "எனக்குப் போக விருப்பம்தான் மாமா. ஆனா அத்தனை சனம் பார்த்துக்கொண்டிருக்க, ஒண்டும் வராமல் நான் நிக்கிறது சரியான ஃப்ளௌட். வெக்கம்."

படிவத்தில் வேகத்துக்கான பெட்டிக்குள் ஓர் எண்ணுக்குத்தான் இடமிருந்தது. நூற்றைம்பத்தொன்று என்று மட்டும் எழுதினால் கழகம் அவனை எடுக்கும் என்று ஞானரட்ணத்துக்குத் தெரியும். அவர் சிறிய எழுத்தில் இரண்டையும் எழுதினார்: எறியும்போது பூச்சியம், வரும்போது நூற்றைம்பத்தொன்று, இடையில் இரண்டு நாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. கருவி பழுதடைந்துள்ளது, திருப்பி அனுப்பவும். அவர் அதைத் துடைத்து, பெட்டியில் வைத்து அனுப்பினார். அத்துடன் அந்த வேலை முடிந்தது.

ஜோனாஸ் டொரொன்டோவுக்குப் போகவில்லை. மின்னிணைப்பு வேலை படித்தான். இப்போது இரண்டாம் பிரிவில் ஹேண்ட்பால் விளையாடுகிறான். அவனுடைய கழகம் தன் ஆட்டங்களை ஒரே மண்டபத்தில், இரண்டு நாள் இடைவெளியில் கேட்டு வாங்குகிறது. கோடையில் செவ்வாய்தோறும் மைதானத்துக்கு வந்து எறிவான். கார்வண்ணன் ஊர் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார். அருள்ராணி அதே பாலர் பாடசாலையில் இருக்கிறார். இப்போதெல்லாம் பிள்ளைகளிடம் எதையும் யோசித்துத்தான் சொல்கிறார். வியாழக்கிழமைகளில் தலைக்கவசம் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று மைதான வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். ஞானரட்ணம் ஓய்வு பெற்றுவிட்டார். முழங்கால் நோவுதான், என்றாலும் வியாழன் பின்னேரங்களில் கையுறையைப் போட்டுக்கொண்டு குந்துகிறார். பந்துகள் வருகின்றன. அவர் பிடிக்கிறார்.