தபால் ஓட்டக்காரன் நெஞ்சு

1911இல் நான் புளியங்கரை தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பாபநாசம் பாதையில் தபால் பை சுமந்து ஓடும் சங்கிலிபூதத்தான் உடற்தகுதிச் சான்றுக்காக வந்திருந்தான். நான் கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம்: அவன் ஊருக்குள் வந்து தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் அவன் கை ஈட்டியில் கட்டிய சலங்கையின் சத்தம் மூச்சிரைக்க வந்து சேரும். சான்று கிடைத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அன்றோடு பையை இறக்கிவைக்க வேண்டியதுதான்.

டாக்டர் தில்லைநாயகம் பிள்ளை நெஞ்சுச் சத்தம் கேட்கும் குழலை வைத்துக் கேட்டார். முதுகில் வலப்பக்கம் மூச்சே இல்லை. தட்டினால் மந்தமான ஒலி. இடது மார்பில் நெஞ்சுத் துடிப்பும் சரியாகக் கேட்கவில்லை. குழலை எலி கடிக்க விட்டுவிட்டேன் என்று என்னை முறைத்தார்.

"வலப்பக்கம் நீர் கோத்திருக்கு. உறிஞ்சி எடுக்கணும், ஊசிய எடும் வே."

அந்த ஊசி உலக்கைக்குத் தங்கச்சி. அதைக் கண்டதுமே நாலு நோயாளிகள் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

டாக்டர் வலது மார்போரம் இடம் பார்த்தார். வாசலில் நின்ற அவன் மனைவி மாரித்தாய் பாய்ந்து வந்து குறுக்கே கையை வைத்தாள்.

"அங்கன குத்தாதீங்க ஐயா! அங்கனதான் இவுக நெஞ்சு அடிக்கும்."

"நெஞ்சு இடப்பக்கம்லா அடிக்கும்?"

"அது ஊருல உள்ளவுகளுக்கு. இவுகளுக்கு இங்கன."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எந்தப் பக்கம் தலைவச்சா சத்தம் கேக்கும்னு பொண்டாட்டிக்குத் தெரியாதா? பத்து வருசமா…"

"ஏட்டி, சும்மா கெட!" என்றான் சங்கிலிபூதத்தான், தரையைப் பார்த்துக்கொண்டே.

டாக்டர் ஊசியை என்னிடம் நீட்டிவிட்டுக் குழலை வலது மார்பில் வைத்தார். இதயம் அங்கேதான் சாவகாசமாக அடித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்துக்கு ரத்தம் திரும்ப ஒரு வாரம் ஆயிற்று.

நெடுநேரம் தட்டிப் பார்த்தபின் சொன்னார்: "நீரும் இல்ல, ஒண்ணும் இல்ல. வலது நுரையீரல் பிறவியிலேயே சரியா வளராம குட்டியா நின்னுட்டு. காலி இடத்துல இதயம் நகர்ந்து உக்காந்துட்டு. அந்தக் குட்டி நுரையீரல் ரத்தம் எந்தக் குழாய் வழியா எங்க போகுதோ, அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அது தெரியாமலே இருக்கட்டும் ஐயா," என்றாள் மாரித்தாய்.

ஆனாலும் ஒற்றை நுரையீரல்காரனை ஓடத் தகுந்தவன் என்று எப்படி எழுதுவது? "ஆத்துப் பாலம்வரை ஓடிட்டு வாலே, பாப்போம்" என்றார். அவன் போய் வந்தான். அதைப் பார்க்க வாசல்வரை வேகமாக நடந்த டாக்டருக்குத்தான் இரைத்தது.

மறுபேச்சில்லாமல் சான்று எழுதினார்: ஓடத் தகுந்தவன். மாரித்தாய் நகரவில்லை.

"வலப்பக்கம் ஊசி குத்தக் கூடாதுன்னு அதுலயே எழுதிருங்க ஐயா. அடுத்த டாக்டர் வரும்போது நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டா?"

டாக்டர் அதையும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.