கப்டனைப் பழக்கின வகுப்பு

நாய்க்கு வகுப்பாம். பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்க ரீச்சர் இல்லாத ஊரில நாய்க்கு வகுப்பு. ஹமீதா இதை முதல் கேட்டபோது வாய்விட்டுச் சிரிச்சாள். பிறகுதான் சிரிக்கிற விசயமில்லை எண்டு விளங்கிச்சுது. ஆடு வளர்ப்போர் சங்கத்தின்ர தலைவர் சரிபுதீன் கூட்டத்தில எழும்பி நிண்டு முடிவாச் சொல்லிப்போட்டார். குளத்தடிப் புல்வெளிக்கு நாயோட வாற ஆக்கள் எல்லாரும் அந்த வகுப்புக்குப் போக வேணும். போகாத ஆளின்ர நாய் புல்வெளியில கால் வைக்கக் கூடாது.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கேயோ இருந்து வந்த கட்டாக்காலி நாயள் குளத்தடியில ரெண்டு மூண்டு ஆட்டைக் கடிச்சுப்போட்டுதுகள். கடிச்சது கட்டாக்காலி, தண்டனை வீட்டு நாய்க்கு. இதென்ன நியாயமோ, சங்கத்துக்குத்தான் வெளிச்சம்.

ஹமீதாவின்ர நாய்க்குப் பேர் கப்டன். பேரை வைச்சது அவளின்ர புருசன் பாயிஸ். அவன் கட்டார் நாட்டில வேலை செய்யிறவன். லீவில வந்து நிண்ட ஒரு காலமை, ஆடுகளுக்கு முன்னால வாலைத் தூக்கிக்கொண்டு நடந்த குட்டியைப் பாத்து, இவர்தான் இந்தக் கூட்டத்துக்குக் கப்டன் எண்டு பகிடியாச் சொன்னான். பேர் அப்பிடியே ஒட்டிப்போச்சுது.

புத்தளத்தில அகதியாக் கிடந்து முசலிக்குத் திரும்பி வந்த புதுசில வளவெல்லாம் பத்தைக்காடு. வெறுங்கையோட வந்து ஒரேயொரு மறி ஆட்டில தொடங்கினவள் ஹமீதா. ஈண்ட குட்டியின்ர ஈரம் காய முந்தியே நரி தூக்கிக்கொண்டு போகும். தகரம் தட்டிப் பாத்தாள், முள்ளு வெட்டி அடைச்சுப் பாத்தாள், நரி ஒண்டுக்கும் மசியேல்லை. பக்கத்து ஊர் அரிப்பில இருந்து குளத்தடிக்கு ஆடு சாய்ச்சுக்கொண்டு வாற றோஸ்மேரிதான் பாவம் பாத்துத் தன்ர நாய் போட்ட குட்டியில ஒண்டைக் கொண்டுவந்து குடுத்தாள். அந்தக் குட்டி வளந்த பிறகு நரி ஹமீதாவின்ர ஆட்டுக்குக் கிட்டவும் வரேல்லை. ஒரு மறி ஒரு பட்டியாகினது கப்டனாலதான். கப்டன் இல்லாட்டி ஆடு இல்லை, அவ்வளவுதான் கதை.

அதுக்காக அவள் நாயைத் தூக்கி மடியில வைச்சுக் கொஞ்சினவள் எண்டு நினைக்க வேண்டாம். அஞ்சு நேரமும் தொழுகிற மனுசி. நாயின்ர எச்சில் பட்டால் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேணும், அதில ஒருக்கா மண் போட்டுத் தேய்க்க வேணும். ஆட்டுக்குக் காவலா நாய் வைச்சிருக்கலாம் எண்டு மௌலவியே சொன்னவர். அதால கப்டனுக்கு முற்றத்து வேம்புக்குக் கீழ தனிச் சட்டி, தனிச் சாக்கு. அவளுக்கும் அதுக்கும் நடுவில எப்பவும் ஒரு முழத் தூரம். அந்தத் தூரம் ரெண்டு பேருக்கும் பழகிப்போன தூரம். ஹமீதா கையை உயர்த்தி ஒரு பக்கத்தைக் காட்டினால் காணும், கப்டன் அந்தப் பத்தைக்குள்ள பாஞ்சு போய் மணந்து பாத்திட்டுத் திரும்பி அவளின்ர முகத்தைப் பாக்கும். ஒரு நாளும் அவள் அதுக்கு அடிச்சதில்லை. அடிக்க ஒரு தேவையும் வந்ததில்லை.

வகுப்பு எடுக்க மன்னார் டவுனில இருந்து வந்தவர் சிங்கராசா. கனகாலம் வெளிநாட்டில இருந்தவர், நாய் பழக்கிறதை அங்கதான் படிச்சவராம். சனிக்கிழமைக் காலமையில விளையாட்டு மைதானத்துக்கு எல்லாரும் நாயைக் கொண்டு போக வேணும். முதல் வேலையா அவர் ஒவ்வொரு நாயின்ர கழுத்திலயும் ஒரு சங்கிலியை மாட்டினார். இழுத்தால் கழுத்தை இறுக்கிற சங்கிலி. நாய் சொன்னதைச் செய்யாட்டிக் கையை உயர்த்தி ஒரு வெட்டு வெட்டி இழுக்கச் சொன்னார். கப்டன் பிறந்ததுக்கு ஒரு சணல் கயிறுகூடக் கழுத்தில கட்டாத நாய். சிங்கராசா இழுத்துக் காட்டின முதல் இழுவையில அது கத்தின சத்தத்தை ஹமீதா அதுக்கு முந்திக் கேட்டதேயில்லை. அது நோவில்லை, நடிப்பு எண்டு சொல்லிப்போட்டு அவர் இன்னொருக்கா இழுத்தார்.

இழுவை முடியப் பாசமாம். அந்த மனிசன் குந்தியிருந்து தான் கொண்டுவந்த நாயைக் கட்டிப்பிடிச்சார், அது அவரின்ர மூக்கு, வாய், கன்னம் எல்லாத்தையும் நக்கிச்சுது. பிறகு எல்லாரையும் உள்ளங்கையில மீன்துண்டை வைச்சு நாய்க்குக் குடுக்கச் சொன்னார். ஹமீதாவின்ர முறை வர அவள் மெதுவா, சேர், நான் கீழ வைக்கிறன், அது சாப்பிடும் எண்டாள். சிங்கராசா கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினார். நாலு ஊர்ச் சனமும் கேக்கிற மாதிரித்தான் பேசினார்.

“தங்கச்சி, நீங்கள் உங்கட நாயை அருவருக்கிறீங்கள். அருவருக்கிற ஆளில நாய்க்குப் பாசம் எப்பிடி வரும்?”

ஹமீதாவுக்குக் காது ரெண்டும் சுட்டுது. சரிபுதீன் பக்கத்திலதான் நிண்டார். அவரும் தொழுகிற மனிசன், அவருக்குத் தெரியாததில்லை. ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாயில இருந்து முத்து உதிர்ந்திடுமோ? அவர் தூரத்துப் பனையைப் பாத்துக்கொண்டு நிண்டார். ஹமீதா மீன்துண்டைக் கையில வைச்சு நீட்டினாள். கப்டன் ஒருக்கா அவளின்ர முகத்தைப் பாத்துது, பிறகு தயங்கித் தயங்கி நக்கிச்சுது. அவள் நேராப் பைப்படிக்குப் போய், குனிஞ்சு மண் அள்ளி, ஏழு தரமும் கழுவினாள். பின்னால சிங்கராசா, சட்டி எண்டு நினைச்சுத் தேய்க்கிறாவோ எண்டு கேக்க, மைதானம் சிரிச்சுது. றோஸ்மேரி மட்டும் சிரிக்கேல்லை.

வீட்டை வந்து அவள் கொதிச்ச கொதியில அண்டைக்குச் சோறுகூடக் குழைஞ்சுபோச்சுது. இனி அந்தப் பக்கம் தலைவைச்சுப் படுக்கமாட்டன் எண்டு நினைச்சாள். பின்னேரம் பாயிஸ் போன் எடுத்தான். விசயத்தைக் கேட்டு அவனுக்கும் கோவம் வந்ததுதான். ஆனால் சங்கத்தோட கொழுவாதை, குளத்தடி இல்லாட்டி ஆட்டை எங்க கொண்டுபோய் மேய்க்கப்போறாய் எண்டான். அடுத்த நாள் குளத்தடியில கண்ட றோஸ்மேரியும் அதையேதான் சொன்னாள். இன்னும் கொஞ்ச நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கொண்டு முடிச்சுப்போடு எண்டாள். ஹமீதா எல்லாத்தையும் யோசிச்சாள். வகுப்பை விட்டால் கப்டன் புல்வெளிக்கு வர ஏலாது. கப்டன் வராட்டி நரி வரும். தன்ர மானத்தை நாலு பேர் சிரிச்சுப் பாக்கிறது ஒரு பெரிய விசயமில்லை எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதுக்கடுத்த சனிக்கிழமையும் போனாள். ஒவ்வொரு முறையும் குடுத்தாள், ஒவ்வொரு முறையும் கழுவினாள், ஒவ்வொரு முறையும் ஒரு பகிடியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

கப்டனின்ர கழுத்தில மயிர் உதிரத் தொடங்கிச்சுது. சங்கிலியின்ர சத்தம் கேட்டால் வேம்பின்ர மறைவுக்குப் போயிடும். சட்டியில வைச்ச சோறு அப்பிடியே கிடந்து எறும்பு மொய்ச்சுது. இதை அவள் சிங்கராசாவிட்டைச் சொன்னபோது அந்த மனிசனுக்கு ஒரே சந்தோசம். அது அடங்குது எண்டு அர்த்தமாம், நல்ல அறிகுறியாம். அப்பிடியே வந்து, இரு எண்டால் இருக்கிற, நில் எண்டால் நிக்கிற, ஆளின்ர காலோட காலா நடக்கிற நாயா வகுப்பிலேயே முதலாவதாக் கப்டன் வந்திட்டுது. சிங்கராசா அதை நடுவில கொண்டுபோய் நிப்பாட்டி, இதுதான் பழகின நாய் எண்டு எல்லாருக்கும் காட்டினார். சரிபுதீன் தலையாட்டினார். பொய் சொல்லக் கூடாது, ஹமீதாவுக்கும் உள்ளுக்குள்ள கொஞ்சம் குளிர்ந்துதான் போச்சுது. பட்ட பாடு வீண்போகேல்லை எண்டு நினைச்சாள் பாவி மனுசி.

அந்தக் கிழமைதான் அது நடந்தது. வெயில் ஏறின நேரம், ஆடுகள் குளத்தடியில பரந்து மேயுதுகள். கப்டன் முந்தி மாதிரி முன்னுக்குப் போகேல்லை, ஹமீதாவின்ர காலடியிலேயே நிண்டுது. வகுப்பில பழக்கினது அப்பிடித்தானே. திடீரெண்டு ஒரு தாய் ஆடு கதறிச்சுது. பாத்தால், பட்டப்பகலில நரி, பிறந்து சில நாளான குட்டியின்ர கழுத்தைக் கவ்விக்கொண்டு பத்தைப் பக்கம் இழுக்குது. ஹமீதா எப்பவும் செய்யிறமாதிரிக் கையை உயர்த்திக் காட்டினாள்.

கப்டன் பாயேல்லை. உயர்ந்த கையைக் கண்ட உடனே காதை மடிச்சு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மண்ணோட மண்ணா ஒட்டிப் படுத்திட்டுது. உடம்பு முழுக்க நடுங்கிச்சுது. அவள் கத்தினாள், அது இன்னும் ஒடுங்கிச்சுது. ஹமீதா கல்லெடுத்துக்கொண்டு தானே ஓடினாள், முள்ளுக்குள்ள செருப்பும் போச்சுது. குட்டியும் போச்சுது.

திரும்பி வந்து நாய்க்குப் பக்கத்தில நிண்டவளுக்கு அழுகை வரேல்லை, கோவம்தான் வந்துது. குட்டி போன கோவம் இல்லை. ஒரு நாளும் அடிக்காத கை இது. இந்தக் கையைக் கண்டு என்ர நாய் கண்ணை மூடுது. ஆர் குடுத்தது இந்தப் பயத்தை? நான்தானே சங்கிலியைப் பிடிச்சுக்கொண்டு போனன், நான்தானே கொண்டுபோய்க் குடுத்தன். அந்த மனிசனில வந்த கோவம் அவளுக்குத் தன்னிலயும் வந்துது. அண்டைக்கு ராத்திரி பாயிஸ் எடுத்தபோது அவள் யோசனை ஒண்டும் கேக்கேல்லை. நான் விடப்போறன் எண்டு மட்டும் சொன்னாள். அவளின்ர குரலைக் கேட்டு அவனும் மறுத்துப் பேசேல்லை.

சனிக்கிழமை அவள் கப்டனோட மைதானத்துக்குப் போனது, போகாமல் விட்டால் ஒளிச்சிட்டாள் எண்டு சொல்லுவாங்கள் எண்டதுக்காகத்தான். நடந்ததை எல்லாருக்கும் முன்னால சொன்னாள். சிங்கராசாவின்ர முகம் மலர்ந்துது. நரியைக் கண்டும் எழும்பாமல் படுத்திருந்துதெண்டால் அதுதான் பழக்கம், அதுதான் கட்டுப்பாடு எண்டு மற்ற ஆக்களைத் திரும்பிப் பாத்தார். கேட்டீங்களே கதையை? ஆட்டைக் காக்கிற நாயை ஆடு போறதைப் படுத்திருந்து பாக்கப் பழக்கிப்போட்டு அதுக்கொரு பெருமை.

ஹமீதா கப்டனுக்குக் கிட்டப் போனாள். குந்தியிருந்தாள். கப்டனின்ர கழுத்தில கையை வைச்சாள். அண்டைக்குத்தான் அந்த முழத் தூரத்தைத் தானா விரும்பித் தாண்டினாள். சங்கிலி இறுகிப்போய் இருந்துது, உள்ளுக்குள்ள தோல் சிவந்து ஈரமாக் கிடந்துது. விரலை விட்டு நெகிழ்த்திக் கழட்டினாள். கப்டன் அவளின்ர கையை நக்கிச்சுது, மணிக்கட்டை நக்கிச்சுது. அவள் கையை எடுக்கேல்லை. அது போதும் எண்டு விடுமட்டும் அப்பிடியே வைச்சிருந்தாள். பிறகு எழும்பிச் சங்கிலியைச் சிங்கராசாவின்ர காலடியில போட்டிட்டுப் பைப்படிக்குப் போனாள். அவசரப்படேல்லை. மண் அள்ளினாள், தேய்ச்சாள், ஏழு தரமும் கழுவினாள்.

“பாத்தீங்களே,” எண்டு சிங்கராசா சிரிச்சார். “இப்பவும் கழுவிறா.”

ஹமீதா ஈரக் கையோட திரும்பினாள்.

“ஓம் சேர், கழுவிறன். என்ர கையில பட்டது ஏழு தரம் கழுவினால் போயிடும். என்ர நாயில நீங்கள் பட வைச்சதை எத்தினை தரம் கழுவினால் போகும்? சொல்லுங்கோ, கழுவிறன்.”

மைதானம் சிரிக்கேல்லை. சிங்கராசா கண்ணாடியைத் துடைச்சார். சரிபுதீன்தான் தொண்டையைச் செருமினார். விதி விதிதான், வகுப்பை விட்டால் நாய் குளத்தடிக்கு வர ஏலாது, யோசிச்சுச் செய் எண்டார். சரி, சரிபுதீன் காக்கா, நான் வரேல்லை எண்டு அவள் நிதானமாச் சொன்னாள். றோஸ்மேரி பின்னால வந்து, எங்கயடி மேய்க்கப்போறாய் எண்டு கேட்டாள். கடற்கரைப் பக்கத்து உவர்த்தரை கிடக்குது எண்டாள் ஹமீதா. அங்க புல் எண்டு சொல்ல ஒண்டுமில்லை, உடைமரத்துக் காயும் காய்ஞ்சு விழுந்த நெத்தும்தான். பால் குறையும். அது அவளுக்குத் தெரியும், றோஸ்மேரிக்கும் தெரியும்.

அடுத்த நாள் காலமை அவள் பட்டியைத் திறந்தாள். ஆடுகள் வாசலில வந்து நிண்டு ஆரோ முன்னுக்குப் போவினம் எண்டு பாத்துதுகள். கப்டன் வேம்படியில படுத்திருந்து அவளின்ர ரெண்டு கையையும் பாத்துது. முன்னுக்கு வரேல்லை. அவள் கூப்பிடவும் இல்லை, காட்டவும் இல்லை. கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கோத்துக்கொண்டு, வழியோரத்து நரிப் பத்தைக்கும் ஆட்டுக்கும் நடுவால, தானே முன்னுக்கு நடக்கத் தொடங்கினாள். கொஞ்சத் தூரம் போன பிறகு, எல்லா ஆட்டுக்கும் பின்னால, கப்டன் எழும்பி வாற சத்தம் கேட்டுது.