இரட்டை வேகத்தில் கேட்ட சிரிப்பு

நாக்கு… முதலில் இந்த நாக்கை ஒரு வழி பண்ண வேண்டும், வெள்ளை படிந்து, நடுவில் பள்ளம் விழுந்து, பல் தேய்க்காமலே படம் எடுக்க வந்து நின்றிருக்கிறான் கர்மம் பிடித்தவன், இதை இவ்வளவு பெரிதாக்கி இவனைப் பெற்றவள்கூடப் பார்த்திருக்க மாட்டாள், நான் பார்க்கிறேன், மத்தியானம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து திரை முழுக்க இவன் நாக்கைப் பரப்பிவைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக வெள்ளையைத் துடைக்கிறேன், எனக்கு வேண்டியதுதான். வாயை ஆவென்று திறந்த படம்தான் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான், ஆல்பத்தின் பெயர் தொண்டைக்குழியாம், அதனால் தொண்டையைக் காட்டியே ஆகவேண்டுமாம்… நல்லவேளை வயிறு என்று பெயர் வைக்கவில்லை. உறையில் கறுப்பு வெள்ளை, அதனால் நாக்கு தப்பித்துக்கொண்டது, சிடியின் மேல் ஒட்டும் வட்டம் மட்டும் கலரில், மாட்டிக்கொண்டது. வகுப்பில் எல்லோரும் இவனை ஜலதோஷம் என்றுதான் கூப்பிடுகிறோம், எப்போதும் மூக்கடைத்த மாதிரி ஒரு குரல், அந்தக் குரலுக்குத்தான் பாதிக் கல்லூரி மயங்கிக் கிடக்கிறது, என் அக்காவும் மயங்கிக் கிடந்தாள், போன வருஷம் வரைக்கும். "பண்ணு, எனக்கென்ன, நல்லாதானே பாடுவான்" என்று அவளே சொன்னதால்தான் இவன் பாட்டை எடுத்தேன்… ஒரு பாட்டுக்கு வீடியோ, அந்த ஆல்பத்துக்கு உறை, இரண்டையும் ஒரே ஆள் செய்து நாளைக் காலையில் துறையில் கொண்டுபோய் வைக்கவேண்டும், இந்தப் படிப்பில் எனக்கு இதுதான் கடைசி. அன்று சாயங்காலமே பெரிய ஹாலில், பெரிய திரையில், வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவார்கள். அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறாள்.

வெட்டின அட்டைகள் இரண்டு கட்டில்களிலும் கிடக்கின்றன, என் கட்டில், அக்கா கட்டில், ஒரு கை வைக்க இடமில்லை. பசையின் நெடி மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, விரலோடு விரல் ஒட்டுகிறது, பிய்த்தால் தோல் மாதிரி உரிந்து வருகிறது, ஓர் உறைக்குள் என் தலைமுடி சிக்கிப் பசையோடு காய்ந்துபோய்… சீ. "என்னடி நாத்தம் இது, வீட்டுல மனுஷங்க இருக்கிறதா வேணாமா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துகிறாள், ஜன்னல் காலையிலிருந்தே திறந்துதான் இருக்கிறது, "தொறந்துட்டேம்மா" என்று நானும் கத்துகிறேன். மடிப்புக்கோடு எங்கே விழவேண்டும் என்று பார்த்துப் பார்த்து அளந்தேன், அப்படியும் அச்சாகி வந்தபிறகு மடித்தால் நேராக அவன் முன்பற்களுக்கு நடுவில் விழுகிறது, உறையைத் திறந்தால் வாய் பிளக்கிறது, மூடினால் கடிக்க வருகிறது. சிடியின் நடு ஓட்டை உள்நாக்கின் மேல், அதில் விரலை விட்டுத்தான் எடுக்கவேண்டும்… டிசைன் மேடம் இதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "உடம்பு கூசுதும்மா, அருமை" என்றார்கள். கூசுகிறதாம், அருமையாம். குமட்டினால் கலை என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, அதை வாங்கிக்கொண்டு பல்லிளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேனே, எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது.

வீடியோ பக்கம் இப்போது போகக்கூடாது, நாக்கு முடியட்டும், நாக்கு முடிந்தால் உதட்டோரத்து எச்சில் இருக்கிறது… அந்த எச்சிலை வீடியோவிலும் பார்த்தாயிற்று, மேல் உதட்டுக்கும் கீழ் உதட்டுக்கும் நடுவில் நூலாக நீண்டு, மெதுவாக, மெ…து…வாக அறுந்து. ஆள் ஸ்லோமோஷனில் மிதக்கவேண்டும், ஆனால் வாய் மட்டும் பாட்டோடு பொருந்தவேண்டும் என்றால், படம் பிடிக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு அந்த வேகத்துக்கு வாயசைக்கச் சொல்வோம், அப்புறம் படத்தைப் பாதி வேகத்துக்கு இழுத்தால் சரியாக வந்து உட்காரும், அவ்வளவுதான் வித்தை. கேமராக்காரன் வீட்டுக் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி மாவைக் கரைத்து வெள்ளையாக்கி அதற்குள்ளிருந்து ஜலதோஷம் எழுந்து எழுந்து பாடினான், மதியத்துக்குள் தொட்டி புளித்துவிட்டது, காதுமடலில் மாவுக்கட்டி, புருவத்தில் மாவுக்கட்டி, அந்த நாற்றம் இன்னும் என் செருப்பில் இருக்கிறது. பாட்டின் முழு ஒலிக்கலவை இன்னும் முடியவில்லை, இப்போதைக்கு இதுதான் என்று இரட்டை வேக ஃபைலை மட்டும் கொண்டுவந்திருந்தான், எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டுதான், நடுவில் வாத்தியம் எல்லாம் நின்று வெறுமனே கிடக்கும் ஓர் இடத்தில் மட்டும் புதிதாக என்னவோ சேர்த்திருந்தான், கிக்கிக்கீ என்று எலி சிரிக்கிற மாதிரி. அந்த இடம் வரும்போதெல்லாம் கேமராக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான், நான் அதை அச்சு அசலாகச் செய்துகாட்டினேன், கிக்கிக்கீ… "ஏய், உனக்கு அப்படியே வருதுடி, இன்னொரு வாட்டி" என்றான், இன்னொரு தடவை செய்தேன். ஜலதோஷம் மட்டும் சிரிக்காமல் தொட்டிக்குள் கழுத்துவரை உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தான். குளிர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இன்று காலையில்தான் முழு ஒலிக்கலவையை அனுப்பினான், சரியான வேகத்தில். படத்துக்கு அடியில் போட்டு ஓட்டினேன், உதடும் பாட்டும் வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டன, அந்த இடம் வந்தது, எலியும் இல்லை, சிரிப்பும் இல்லை, ஒரு பெண் அழுகிறாள். அட, அழுகையா இது, இதைத்தான் அவ்வளவு வேகத்தில் ஓட்டினானா… யாரையோ கூட்டிவந்து அழவைத்திருக்கிறான், நன்றாகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டே வேலையைப் பார்த்தேன். அழுகை கொஞ்சதூரம் போய் நிற்கிறது, வாயைத் திறந்து ஒரு மூச்சை உள்ளே இழுக்கிறாள், மறுபடி அழுகிறாள். அந்த மூச்சில் படத்தை வெட்டினேன், அதுவரை ஆளில்லாத வெள்ளைத் தண்ணீர், மூச்சு வந்ததும் தலை மேலே வருகிறது. என்ன வெட்டு! தொடையில் தட்டிக்கொண்டேன், ரசிப்பதற்காகவே இன்னொரு தடவை ஓட்டினேன். மூன்றாவது தடவை ஓடும்போது பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறேன்… எதற்கு எழுந்தேன், தண்ணீர் குடிக்கவா, அம்மா கூப்பிட்டாளா, கால் அக்காவின் கட்டில் பக்கம் திரும்பியிருக்கிறது. அப்போதுதான் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து இந்த ஒரே அறைதான் எங்களுக்கு, அம்மா அடித்த நாளில், மார்க் குறைந்த நாளில், அப்புறம் இவன் விட்டுப்போன நாட்களில், அக்கா சுவர் பக்கம் திரும்பிப் படுத்து அழுவாள், நான் அசையாமல் கிடப்பேன், அவளுக்குத் தன் அழுகையை யாரும் பார்க்கக்கூடாது, அப்புறம் அந்த மூச்சு வரும், வாய் வழியாக, வந்ததும் நான் எழுந்து போய் அவள் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொள்வேன், ஒரு வார்த்தை பேச மாட்டோம், அப்படி ஒரு ஏற்பாடு என்று நாங்கள் சொல்லிக்கொண்டதே இல்லை. அந்த மூச்சைத்தான் பாட்டில் போட்டு வைத்திருக்கிறான், பாவி.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். "நடுவுல யாரு அழுறது?" என்றேன். என்னவோ தின்றுகொண்டிருந்தான், சவக் சவக்கென்று என் காதுக்குள்ளேயே மென்றான். "ஓ, அதுவா… நல்லாருக்குல்ல?" "எங்க அக்காடா அது." மெல்லுவதை நிறுத்தினான். "பாட்டுக்கு அது தேவைப்படுது. நீ வேணா அவகிட்டயே—" "நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில், அம்மாவுக்குப் பக்கத்தில், அவள் அழுகையை அவளே கேட்பாளா… ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று அந்த இடத்தில் ஒலியை மொத்தமாக அணைத்தேன், பழையபடி வெறும் இடம். ஓட்டினால் வெட்டு செத்துக் கிடக்கிறது, கொஞ்சம் முன்னால் தள்ளினேன், பின்னால் தள்ளினேன், தலை எதற்காக மேலே வருகிறது என்றே தெரியவில்லை, மூச்சுமுட்டி வருகிற மாதிரி இருக்கிறது. அந்த அழுகை இருந்தால் எப்படி இருக்கும் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, செருப்பால் அடிக்கவேண்டும் அதை. மூடிவைத்துவிட்டு நாக்கைத் துடைக்க வந்துவிட்டேன், துடைக்கத் துடைக்க வெள்ளை, பார்த்துக்கொண்டே இருந்ததில் என் நாக்கே எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

அக்கா வேலை முடிந்து வந்துவிட்டாள், பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறாள், உடம்பெல்லாம் கிராம்பு வாசனை. "என் கட்டில் எங்கடி போச்சு?" என்று கேட்டுக்கொண்டே ஓர் உறையை எடுத்துத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். "கீழ் வரிசைல ரெண்டு சொத்தை… சீ, இந்த வாய்க்கா நான் முத்தம் குடுத்தேன்?" என்றாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வந்த வேகத்தில் போயும்விட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கரண்டியின் பின்பக்கத்தால் மடிப்புகளை இழுத்து இழுத்து அழுத்த ஆரம்பித்தாள், நான் சொல்லவே இல்லை, என்னைவிட நேராக வருகிறது. "போடு, பாக்கலாம்" என்றாள். இல்லை, இன்னும் முடியவில்லை, நாளைக்கு ஹாலிலேயே பார்… "பரவால்ல போடுடி." போட்டேன். அந்த இடம் வந்தது, சத்தமில்லாமல் போனது. கரண்டி நின்றது. "அந்த இடம் எங்கடி?" "எந்த இடம்?" "நான் அழுவேன்ல, அது." "உனக்குத் தெரியுமா?" என்றேன். "தெரியாம என்ன? அன்னிக்கு அவன் ரூம்ல, இனிமே ஒத்து வராதுன்னுட்டான், நான் பாட்டுக்கு அழுறேன், பார்த்தா அந்த மைக்ல குட்டியா சிவப்பு லைட்டு எரியுது." "பார்த்துட்டு?" "நிறுத்தத்தான் போனேன். ஒரு மூச்சு விட்டேன். அப்புறம் என்னமோ… இன்னும் கொஞ்ச நேரம் அழுதேன்." "ரெக்கார்ட் ஆகுதுன்னு தெரிஞ்சா?" "ஆமா." ஒரு மடிப்பை அழுத்தினாள், இன்னொன்றை எடுத்தாள். "போட்டுக்கட்டுமான்னு அப்புறம் கேட்டான், போட்டுக்கோன்னேன்." "எங்கிட்ட ஏன் சொல்லல?" "சொன்னா நீ இப்படித்தான் மூஞ்சிய வெச்சுப்ப. ஒண்ணும் தெரியாத மாதிரி அதையும் சேர்த்துப் போடுடி, நல்லா வந்திருக்கான்னு பாக்கணும்."

நல்லா வந்திருக்கான்னு… காலையிலிருந்து யாருக்காகக் கொதித்துக்கொண்டிருந்தேனோ அவளைப் பார்க்கவே இப்போது கூசுகிறது, அவன் மேல் இருந்த அருவருப்பெல்லாம் அங்கிருந்து எழுந்து வந்து இவள் மேல் உட்கார்ந்துகொள்ளப் பார்க்கிறது, அந்தக் கிராம்பு வாசனையும் அந்தக் கரண்டியும். அணைத்ததைத் திரும்பப் போட்டேன், வெட்டையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன், ஓட்டினேன். தலையைச் சாய்த்து, வேறு யாருடையதையோ கேட்கிற மாதிரி கேட்டாள். "மூச்சுலயே வெட்டிருக்கியே, எப்படிடி?" என்றாள், கண்ணில் மெச்சுதல். "அதுக்கு முன்னாடி இருக்கிறது நெஜமா அழுதது. அதுக்கப்புறம் லைட்டைப் பார்த்துட்டு அழுதது." கரண்டியைக் கீழே வைத்தாள். "பேரெல்லாம் உள்ள ஒரு தாள்ல வரும்னியே… என் பேர் போடுவியா?"

லைட்டைப் பார்த்து அழுதது… அப்படியானால் இந்த அறையில் அந்த மூச்சுக்கு அப்புறம் அழுதாளே, அதெல்லாம்? நான் விழித்திருப்பது அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் மூச்சை இழுப்பாள், இழுத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அழுவாள், நான் எழுந்து வருகிற வரைக்கும். அவன் அறையிலும் அதைத்தானே செய்திருக்கிறாள், யாராவது எழுந்து வருவார்கள் என்று, அந்தத் தடியன் எழுந்திருக்கவே இல்லை, லைட்டு எரிய எரியப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சொல்லு, அவனை மட்டும் சொல்லு… காலையில் முதல் தடவை கேட்டபோது நான் எழுந்தேனா, தொடையைத் தட்டிக்கொண்டு வெட்டினேன், இரண்டாவது தடவை ரசிப்பதற்காகக் கேட்டேன், அன்றைக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கிக்கிக்கீ என்று ஊருக்கே செய்துகாட்டினேன். "உன்னைத்தாண்டி கேக்குறேன், பேர் போடுவியா மாட்டியா?" என்கிறாள் அக்கா. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், இப்போது, அவளும் நிமிர்ந்து பார்க்கிறாள்… எழுந்து எங்கே போய்ப் படுப்பது, இரண்டு கட்டில் முழுக்க அவன் வாய்.