மேகம் என்று பேர் வைத்த புகை

ஊரே இருமிக்கொண்டிருந்தது, புகை வரைபட ஆபீசில் மட்டும் ஏசி ஜம்மென்று ஓடியது. அறுவடை முடிந்த வயல்களில் வைத்த தீ காட்டுக்கும் தாவியிருந்தது. எங்கே எத்தனை பேர் எவ்வளவு புகையை விழுங்குகிறார்கள் என்று, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கட்டம் கட்டமாக நிறம் பூசுவதுதான் சின்னவளின் வேலை. வீட்டில் கடைக்குட்டி என்பதால் வந்த பெயர், ஆபீசிலும் ஒட்டிக்கொண்டது. சிவப்புக் கட்டத்துக்கு பஸ் போய் ஆட்களை ஏற்றி வரும். பச்சை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

காலையில் அக்கா போன் செய்தாள். காட்டோரத்து வீடு, கைக்குழந்தைக்காரி.

"ஒரே புகையா இருக்குடி. கிளம்பி வந்துடட்டுமா?"

சின்னவள் திரையைப் பார்த்தாள். "உங்க பக்கம் பச்சைதான்க்கா. வழியெல்லாம் சிவப்பு. பாப்பாவைத் தூக்கிட்டு அதுக்குள்ள வராதே. பேசாம வீட்டுலயே இரு."

"நீ சொன்னா சரி," என்றாள் அக்கா. அவளுக்கு எப்போதும் தங்கச்சி சொன்னதுதான் வேதவாக்கு.

மத்தியானம் திரையை மறுபடி பார்த்தாள். சுற்றிலும் சிவப்பு ஏறிக்கொண்டே வர, அக்கா வீட்டுக் கட்டம் மட்டும் எப்படி அசையாமல் பச்சையாக நிற்கும்? நிறம் பூசாத மூலப் படத்தைத் திறந்தாள். வீட்டுக்கு மேலே தடித்த வெள்ளை. கம்ப்யூட்டர் அதற்கு 'மேகம்' என்று பேர் வைத்திருந்தது. மேகம் மறைத்த கட்டத்துக்கு முந்தின நாள் நிறத்தையே போட்டுவிடுவது அந்த ஆபீஸ் வழக்கம். மழைக்கே வழியில்லாத மாசத்தில் மேகமாம் மேகம்!

எல்லாரையும் விரட்டியே 'அவசரம்' என்று பேர் வாங்கிய மேலதிகாரியிடம் ஓடினாள்.

"சார், அது மேகம் இல்ல, அத்தனையும் புகை! நேத்துப் பச்சையை இன்னிக்கும் போட்டு வச்சிருக்கோம்."

அவசரம் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகுதான் பஸ்ஸை அந்தக் கட்டத்துக்குத் திருப்பச் சொல்ல போனை எடுத்தார்.

சின்னவளும் அக்காவுக்குப் போன் போட்டு, பஸ் வருது, உடனே கிளம்பு என்றாள். அக்கா குரல் நிம்மதியாக இருந்தது.

"இப்ப எதுக்குடி கிளம்பணும்? பக்கத்து வீட்டுக்காரங்க காலையிலயே மூட்டை கட்டினாங்க. நான்தான் தடுத்தேன். என் தங்கச்சிதான் அந்த மேப்பையே போடுறா, அவளே பச்சைன்னு சொல்லிட்டான்னேன்."

"அக்கா, பாப்பா எங்கே?"

"என் மடியிலதான். காலையிலேர்ந்து இருமி இருமி அழுதா பாவம். இப்ப இருமல் நின்னுடுச்சு. பால் கொடுக்க எழுப்பினாக்கூட கண்ணைத் திறக்க மாட்டேங்குறா, அப்படி ஒரு தூக்கம்."