கண்ணுக்குக் கீழே

மேல் வீட்டு டீச்சர் படிக்கட்டின் நடுவில் வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். என் தோளில் இருபது லிட்டர் தண்ணீர் கேன். இறக்கி வைக்க இடமில்லை, சுமந்துகொண்டு நிற்கத் தெம்பில்லை. அறுபத்தொன்பது வயசுக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறானே, ஒதுங்குவோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"ஐயா, ஒண்ணு சொல்லணும்."

"கேனை வச்சிட்டு வரேம்மா."

"இல்ல, இங்கயே சொல்றேன். வீட்ல அவங்க இருப்பாங்க. இந்த வயசுல கை நீட்டுறது நல்லாயில்ல. போன மாசம் ஒரு தடவை பார்த்தேன், நமக்கெதுக்குன்னு சும்மா இருந்தேன். இப்ப மறுபடியும். உங்க பொண்ணுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். அடுத்த தடவை போலீசுக்குத்தான்."

"யாரு யாரை அடிச்சா?"

"அதை என்கிட்ட கேக்குறீங்களா?" என்று சொல்லிவிட்டு டக் டக்கென்று ஏறிப் போய்விட்டாள்.

கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். வாரக் கணக்கில் இந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் என் முகம் பார்த்துப் பேசாததற்குக் காரணம் அப்போதுதான் உறைத்தது. கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் பெண்டாட்டி என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். கிழவனுக்கு என்ன மரியாதை என்று விட்டிருந்தேன். இவர்களுக்கு நான் பெண்டாட்டியை அடிக்கிறவன்.

என் மனைவி சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் கொஞ்ச நாளாக வீட்டுக்குள்ளும் கழற்றாத அந்தப் பெரிய கண்ணாடி, கன்னத்தில் பாதியை மறைக்கிற தடித்த ஃபிரேம், லேசாகக் கறுப்பு. அவள் இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்கள் முகத்துக்கு ஃபிரேம் எடுத்துக் கொடுத்து, காதுக்குப் பின்னால் வளைத்துச் சரிசெய்கிற வேலை. கடையில் புது மாடல் கொடுத்தார்கள், போட்டுப் பார்க்கச் சொன்னார்கள் என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

"அந்தக் கண்ணாடியைக் கழட்டு."

கத்தி நின்றது. அவள் திரும்பவில்லை. நானே தோளைப் பிடித்துத் திருப்பி, கண்ணாடியை உருவினேன். இடது கண்ணுக்குக் கீழே, மூக்கோரத்திலிருந்து கன்ன எலும்பு வரைக்கும் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. ஓரத்தில் மஞ்சள் இறங்கியிருந்தது. பார்த்தால் எவனும் சொல்வான், குத்து விழுந்த கண் என்று.

"என்னடி இது?"

"அலமாரிக் கதவு இடிச்சிருச்சு."

"எப்ப?"

"மூணு நாளாச்சு. நீங்க எங்க பார்த்தீங்க?"

அதற்குள் வாசல் மணி அடித்தது. மணியை அந்த மாதிரி விடாமல் அழுத்துகிறவள் என் மகள் ஒருத்திதான். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். தினம் பத்துப் பேரை 'பிரேக், பிரேக்' என்று கத்தி, வீட்டிலும் அதே குரல். கையில் சக்கரம் வைத்த காலிப் பெட்டி. என்னைத் தாண்டி நேரே உள்ளே போய் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பெட்டியைக் கட்டில்மேல் வைத்து ஜிப்பைத் திறந்தாள்.

"கிளம்பும்மா."

"எங்கடி?"

"என் வீட்டுக்கு. உன் துணி எல்லாம் எங்க இருக்கு?"

"நான் அடிக்கல," என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமலே, "அப்ப எப்படி ஆச்சாம்?" என்றாள்.

"அலமாரிக் கதவு இடிச்சிருச்சுன்னு உங்கம்மாதான் சொன்னா."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "அதே அலமாரி, அதே கதவு. எனக்கு ஏழு வயசுப்பா அப்ப. அக்கம்பக்கத்துல அத்தனை பேர்கிட்டயும் அம்மா அதைத்தான் சொன்னாங்க. நான் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தேன்."

இதை எழுதுகிறபோதும் எனக்குக் காது சுடுகிறது. அடித்திருக்கிறேன். இல்லை என்று சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால். எதற்காக என்பது மறந்துபோயிற்று. சட்டைக்குப் பட்டன் தைக்கவில்லை என்றோ என்னவோ. அன்றைக்கு அவள் அலமாரிக் கதவு என்று ஊருக்குச் சொன்னாள். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. அதே பொய்யை இத்தனை வருஷம் கழித்து எடுத்து, அடிக்காத என் தலையில் போட்டிருக்கிறாள்.

"ஒரே ஒரு நாள்!" என்று கத்தினேன். "அதுக்கு ஆயுசு பூரா எவளுக்கு என்ன காயம் பட்டாலும் நான்தானா? ஏய், வாயைத் திறந்து சொல்லு. நான் அடிச்சேனா?"

அவள் வெங்காயத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மகள் துணிகளை மடிக்காமல் அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, இல்லை என்று ஒரு வார்த்தை. அது அவள் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைத் தட்டிவிட்டேன். துணி தரையில் சிதறியது. மகள் நேராக நிமிர்ந்து, "இப்ப என்னையும் அடிப்பீங்களா?" என்றாள்.

அப்போதுதான் என் மனைவி பேசினாள். "அவர் அடிக்கலடி. ஊசி போட்டுக்கிட்டேன்."

"என்ன ஊசி?"

"தோலுக்கு. கண்ணுக்குக் கீழ தொங்குதுல்ல. அதுக்கு."

மகள் நம்பவில்லை. அம்மா எந்த எல்லைக்கும் போய் இந்த ஆளை மூடி மறைப்பாள் என்று பல்லைக் கடித்தாள். நானும் நம்பவில்லை, அது வேறு விஷயம். ஆனால் எனக்கு ஒரு சாட்சி வேண்டும். "எந்த டாக்டர்? வா, போவோம். அந்த ஆள் சொல்லட்டும். மூணு பேரும் போவோம்," என்று சட்டையை மாட்டினேன்.

மகளின் காரில் போனோம். காரின் மண்டைமேல் 'கற்பவர்' என்று பலகை. பின்சீட்டில் என்னை உட்கார வைத்துக் கைதியைக் கொண்டுபோகிற மாதிரிக் கொண்டுபோனாள்.

அந்த இடம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். உள்ளே போனால் குளிர். வெள்ளைச் சோபா, வெள்ளைச் சுவர், சுவரில் சிரிக்கிற பெண்களின் படம். ஒருத்தி முகத்திலும் ஒரு கோடு இல்லை, நேற்றுப் பிறந்த மாதிரி. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு இருந்தாலும் உண்டு, ஐம்பது இருந்தாலும் உண்டு. ஒன்றும் கண்டுபிடிக்க முடியாத மூஞ்சி.

"இவளுக்கு இங்கதான் ஊசி போட்டீங்களா? ஆமாவா இல்லையா, அதைச் சொல்லு போதும்."

"சார், பேஷன்ட் விவரம் வெளிய சொல்ல மாட்டோம்."

"பேஷன்ட்டே இதோ நிக்கிறாளே!"

"அப்ப அவங்களையே கேட்டுக்கலாமே சார்."

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தாள். என் மனைவியைப் பார்த்ததும், "அட, நீங்களா? ரொம்பக் கன்னிப்போச்சே. ஐஸ் வச்சீங்களா?" என்றாள். அவ்வளவுதான், எனக்கு விடுதலை. மகள் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா விளக்கினாள். சால்மன் என்று ஒரு மீனாம். அதன் விந்திலிருந்து எதையோ பிரித்து, சுத்தம்செய்து, மெல்லிய ஊசியில் கண்ணுக்குக் கீழே பொட்டுப் பொட்டாக ஏற்றுவார்களாம். தோல் அதைப் பார்த்துத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளுமாம். மூணு வாரத்துக்கு ஒன்றாக மூணு தடவை. முதல் தடவை லேசாகத்தான் கன்றியது. இரண்டாவது தடவை இடது பக்கம் போட்டு முடித்ததும் மயக்கம் வந்துவிட்டது, அதனால் வலது பக்கத்தை இந்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார்களாம். ஒரு கண் மட்டும் கறுத்த கதை இதுதான். சில பேருக்குப் பலன் தெரியும், சில பேருக்கு அவ்வளவாகத் தெரியாது என்றும் அந்த அம்மாவே சொன்னாள்.

"மீனோட விந்தா?" என்றேன். "அந்த மீனு செத்துப்போச்சா இருக்கா? செத்துப்போன மீனுக்குத் தன் தோலைப் புதுப்பிச்சுக்கத் தெரியல, இவ தோலைப் புதுப்பிக்குமா?"

மேஜைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மனைவி சிரிக்கவில்லை.

நாற்பது வருஷம் பழைய டயருக்கு ரப்பர் ஒட்டின கை இது. லாரி டயர் தேய்ந்து வரும். உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்ப்போம். உள்துணி நன்றாக இருந்தால்தான் மேலே ரப்பர் ஒட்டுவது. புதுசு என்று எவனையும் ஏமாற்றியதில்லை. பழசு, ஆனால் ஓடும் என்று சொல்லித்தான் கொடுப்போம். ஓடுகிற டயரை எவனாவது பளபளப்புக் குறைகிறது என்று கழற்றிப் போடுவானா? என் மனைவியைக் கழற்றிப் போட ஒருத்தன் இருந்திருக்கிறான்.

அவளே சொன்னாள், மகளிடம், என்னிடம் இல்லை. "சின்ன முதலாளி ரெண்டு மாசம் முன்னாடி கூப்பிட்டார். ஆன்ட்டி, முன்னாடி கவுன்டர்ல இனிமே புதுப் பொண்ணுங்க நிக்கட்டும், நீங்க பின்னாடி லென்ஸ் தேய்க்கிற ரூமைப் பார்த்துக்குங்கன்னார். கஸ்டமர் வந்ததும் முதல்ல பார்க்கிறது மூஞ்சியத்தானேன்னார். அவன் ஸ்கூலுக்குப் போட்ட முதல் கண்ணாடியே நான் வளைச்சு மாட்டினதுடி. மூணு மாசம் டைம் குடுங்க தம்பின்னேன்."

"அந்தப் பொடிப்பயலை நான் போய்..." என்று எழுந்தேன்.

"உக்காருங்க," என்றாள்.

மகள், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றாள்.

"உன்கிட்டயா? உன் ஆபீஸ் போட்டோவுல, அம்மா நீ கொஞ்சம் பின்னாடி நில்லுன்னு சொன்னியே, உன்கிட்டயா?"

மகள் கார் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தவள், நிறுத்தினாள்.

வந்தது வந்தாயிற்று, வலது பக்கத்தை இன்றைக்கே போட்டுக்கொள்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டாள். நானும் மகளும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். முப்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அது ஒன்றுதான். அவள், "போட்டுக்கிறேன்," என்றாள்.

மரத்துப்போவதற்கு வெள்ளைக் களிம்பு பூசி அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். மகள் தண்ணீர் வாங்கக் கீழே போனாள். ஒரு கண்ணுக்குக் கீழே கறுப்பும் இன்னொரு கண்ணுக்குக் கீழே வெள்ளையுமாக அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்குள் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

"ஏண்டி, பொண்ணு என்னைக் கொலைகாரன் மாதிரிப் பார்க்கிறா. பெட்டி கட்டுறா. அடிக்கலைன்னு முதல்லயே சொல்ல உனக்கு என்ன வந்துச்சு?"

அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அடிச்சப்ப அடிச்சீங்கன்னு சொன்னேனா?"

"அது ஒரு நாள். அதையே..."

"மூணு."

"என்ன மூணு?"

"ஒரு நாள் இல்ல. மூணு நாள். அவ ஒண்ணைத்தான் பார்த்தா."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டாவதைத் தேடினேன். ஏதோ ஒரு மழை நாள், ஒரு உடைந்த டம்ளர். மூணாவது எனக்கு அகப்படவே இல்லை. அவளிடம் கேட்கலாம். அவளுக்குத் தேதி வரைக்கும் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. மகள் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். போன தடவை மயக்கம் வந்ததால் கூட ஒருத்தர் இருக்கவேண்டும் என்றாள் டாக்டரம்மா. மகள் எழுந்தாள். "அவரே வரட்டும்," என்றாள் என் மனைவி. "பார்க்கட்டும்."

சாய்கிற நாற்காலி. தலைக்குமேல் வட்டமாக ஒரு விளக்கு, பட்டறையில்கூட அவ்வளவு வெளிச்சம் நான் பார்த்ததில்லை. அதற்குக் கீழே அவள் முகம். மூக்குத்தண்டில் கண்ணாடி உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகிப்போன இரண்டு தடம். புருவத்துக்குள் ஒரு சின்ன மச்சம். அது எப்போதிலிருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. களிம்பைத் துடைத்தார்கள். ஊசி முடி மாதிரி இருந்தது. கண்ணுக்கு அவ்வளவு கிட்டத்தில் அது இறங்கியபோது நான்தான் ஓரடி பின்னால் வைத்தேன். குத்திய இடத்தில் உளுந்து அளவுக்குத் தோல் எழும்பி நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. அவள் இமைக்கக்கூட இல்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோத்து வைத்திருந்தாள்.

ஏழாவது குத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. உதவிக்கு நின்ற நர்ஸ் ஐஸ் எடுக்க அடுத்த அறைக்குப் போயிருந்தாள். டாக்டரம்மாவின் ஒரு கையில் ஊசி, மறு கை தோலை இழுத்துப் பிடித்திருந்தது. "ஐயா, அந்தத் தட்டுல பஞ்சு இருக்கு பாருங்க. எடுத்து இந்த இடத்துல லேசா அழுத்திப் பிடிங்க," என்றாள்.

பஞ்சை எடுத்தேன். கையை அவள் முகத்துக்கு மேலே கொண்டுபோனேன்.

ஊசிக்கு அசையாதவள் வெடுக்கென்று கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். கோத்திருந்த கையில் ஒன்று பிரிந்து, காதுக்குப் பக்கத்தில் பாதி தூரம் எழும்பி நின்றது.

"ஆடாதீங்க, ஆடாதீங்க. ஒண்ணுமில்ல, பஞ்சுதான்," என்றாள் டாக்டரம்மா.

நான் அப்படியே நின்றேன். அந்த வெளிச்சத்தில் என் கையின் நிழல் அவள் முகம் முழுக்க விழுந்திருந்தது. அந்த ஒரு சொட்டு, எழும்பி நின்ற தோலைச் சுற்றிக்கொண்டு, கன்னத்துக் கோட்டில் இறங்கி, காதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.